இடது கண்ணின் ஒளிபரப்பு உரிமை

பெற்ற மகளின் இடது கண்ணைப் பார்க்க அறுநூற்று நாற்பத்தொன்பது ரூபாய். வரி தனி. வலது கண் அதற்கு இலவச இணைப்பு; அதில் அடி படவில்லை என்பதால் தனியாகச் சந்தை மதிப்பு கிடையாது.

தேனி கடைவீதியில் இந்த விலையை அநியாயம் என்று யாரும் சொல்லவில்லை. விலை என்று ஒன்று இருந்தால் பேசிக் குறைக்கலாம், குறையாவிட்டால் கொடுத்துத் தொலைக்கலாம் என்பதுதான் எங்கள் வீதியின் வேதாந்தம். ஜெபராஜ் அண்ணாச்சியும் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் விலை சொன்னவன் காசை வாங்க மாட்டேன் என்றான். சரக்கை வைத்துக்கொண்டு, விலையையும் சொல்லிவிட்டு, நீட்டிய காசை வாங்க மறுக்கிற வியாபாரியை எங்கள் வீதி அதுவரை பார்த்ததில்லை. நாங்கள் எங்கள் கடைகளை விட்டுவிட்டு அவர் வாசலுக்குப் போக ஆரம்பித்தது அப்போதுதான்.

ஜெபராஜுக்குப் பருத்திவிதை, புண்ணாக்கு, தவிடு வியாபாரம். சந்தை நாளில் கொஞ்சம் மாட்டுத் தரகு. கடைவாசலில் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே போய்விடுகிற மனிதர். அப்படிப்பட்டவருக்குக் கூண்டுச் சண்டை என்றால் உயிர். கம்பி வலைக்குள் இரண்டு பேரை விட்டுக் குத்து, உதை, மல்யுத்தம், கழுத்துப்பிடி எல்லாவற்றையும் ஒரே அடுப்பில் வேகவைக்கிற அந்த அயல்நாட்டு விளையாட்டு, ஒரு காலத்தில் கேபிளில் ஞாயிறு காலையில் சும்மா வந்தது. ஜெபராஜ் அதற்காகவே விடியற்கால ஆராதனைக்கு மாறினார். சபையில் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்கள். போதகர் பிரசங்கத்தை நீட்டிய நாட்களில் மட்டும் முதல் சுற்று தவறிப்போகும். வீட்டில் சின்னப் பெண் ஜெபஷீலா பார்த்துவைத்து, அப்பா வந்ததும் தலையணையைக் கீழே தள்ளி நடித்துக் காட்டுவாள்.

ஒரு ஞாயிறு அந்தச் சேனலில் சமையல் ஓடியது. கேபிள் சண்முகராஜ் கடைக்கே வந்து துக்கம் சொன்னார்.

"அண்ணாச்சி, அந்தச் சண்டை இனிமே எங்கிட்ட இல்ல. செல்லுக்குள்ள போயிருச்சு."

"எந்தச் செல்லுக்குள்ள?"

"வாகைன்னு ஒரு ஆப்பு. வருசச் சந்தா கட்டணும்."

கட்டினார். நான்கு மாதத்தில் சண்டை வாகையை விட்டு 'களம்' என்ற செயலிக்குப் போனது. அங்கும் கட்டினார். பிறகு வாகை களத்தை விலைக்கு வாங்கி, இரண்டும் சேர்ந்து 'வாகைக்களம்' ஆனது. இரண்டு சந்தா கட்டியவருக்கு இரட்டிப்பாகத் தெரியும் என்று ஜெபராஜ் கணக்குப் போட்டிருந்தார். அவருக்கு ஒரு செய்தி வந்தது: 'இணைப்பை முன்னிட்டு உங்கள் இரு சந்தாக்களும் பாதுகாப்பாக முடித்துவைக்கப்பட்டன. வாழ்த்துகள்.' மூன்றாவதாக ஒன்று கட்டினார். ரசிகன் என்றால் அப்படித்தான். மாடு எந்தத் தொழுவத்துக்கு மாறினாலும் வாடகை கொடுத்துக்கொண்டிருப்பான்.

இதற்கிடையில் தலையணையைத் தள்ளிய பெண் மதுரைக் கல்லூரியில் மல்யுத்தம், பெங்களூரில் குத்துப் பயிற்சி என்று போய், 'மான்சூன் கேஜ்' என்ற அமைப்பில் ஒப்பந்தம் போட்டுவிட்டாள். முதல் வெளிநாட்டுச் சண்டை பாங்காக்கில், சனிக்கிழமை சாயங்காலம். அம்மா சுகிர்தம் உபவாசம் இருந்தார். நண்பர்கள் பழைய பேருந்து நிலையத்தில் பேனர் கட்டினார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் பேனரில் உடம்பு இருந்தது, கையுறை இருந்தது, முகத்தின் மேல் மட்டும் கறுப்புக் காகிதம் சதுரமாக ஒட்டியிருந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில் 'காட்சி உரிமை: வாகைக்களம்' என்று இருந்தது. யார் ஒட்டியது என்று யாருக்கும் தெரியவில்லை. கிழித்துப் பார்க்கவும் யாருக்கும் கை வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஜெபராஜ் வீட்டுக் கூடத்தில் டிவி முன்னால் மூன்று பேர்: அவர், சுகிர்தம், ஒத்தாசைக்கு வந்த சண்முகராஜ். செயலியின் புது விதிப்படி, பார்க்கிறவர்களை எண்ணுவதற்குச் செல்போன் கேமராவை அவர்களை நோக்கி நிறுத்திவைக்க வேண்டும். நிறுத்தினார்கள். செயலி எண்ணிவிட்டு நான்கு பேர் என்றது.

திரும்பிப் பார்த்தார்கள். சுவரில் ஜெபராஜின் காலஞ்சென்ற தகப்பனாரின் படம் மாட்டியிருந்தது.

"சரி, நாலாவே இருக்கட்டும். அப்பாவும் பாக்கட்டுமே" என்றார் ஜெபராஜ். கூடுதல் ஆளுக்கான காசைக் கட்டினார். செயலி நன்றி சொல்லி, அசையாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நான்காவது ஆளையே குடும்பத்தின் முதன்மைப் பார்வையாளராகப் பதிவு செய்துகொண்டது.

இரண்டு சுற்று நன்றாகவே போனது. மூன்றாவது சுற்றில் எதிராளியின் முழங்கை ஷீலாவின் முகத்தில் இறங்கியது. அவள் இடது கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு வலையில் சாய்ந்தாள். சுகிர்தம் "ஏசப்பா" என்று எழுந்தார். திரை கறுத்தது.

'முதன்மைப் பார்வையாளர் நெடுநேரமாக இமைக்கவில்லை. அவர் நலமாக இருக்கிறார் என்று உறுதிசெய்த பிறகு ஒளிபரப்பு தொடரும்.'

சண்முகராஜ் நாற்காலி மேல் ஏறிப் படத்தைக் கழற்றி, கேமரா முன்னால் அப்படியும் இப்படியும் ஆட்டினார். செயலி கொஞ்சம் யோசித்தது.

'முதன்மைப் பார்வையாளரிடம் அசாதாரண அசைவு. அவரது பாதுகாப்புக் கருதிக் கணக்கு முடக்கப்படுகிறது. மீட்க, அவர் தம் வாயால் சம்மதம் சொல்ல வேண்டும்.'

அதன் பிறகு அந்த வீட்டில் எந்தத் திரையிலும் எதுவும் தெரியவில்லை. பிள்ளை விழுந்தாளா எழுந்தாளா என்று தெரியாமல், மூன்று பேரும் கறுப்புக் கண்ணாடியில் தெரிந்த தங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஞாயிறு காலையில் ஷீலா பேசினாள்.

"அப்பா, நான் செவ்வாய்க்கிழமை வந்துருவேன்."

"கண்ணு எப்படி இருக்கு ஆத்தா? ஜெயிச்சியா?"

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது. பக்கத்தில் யாரோ காகிதம் புரட்டும் சத்தம்.

"வந்துருவேன்பா" என்றாள் மறுபடியும். அவ்வளவுதான்.

அவளுக்கு முன்னால் திங்கட்கிழமையே ஒருவர் வந்துவிட்டார். முழுக்கைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. பெயர் சசிதரன், வாகைக்களத்தின் மண்டல உரிமைப் பாதுகாப்பு அலுவலர். சொந்த ஊர் சின்னமனூர்தான், ஆனால் பேச்சில் அது தெரியாமல் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்திருந்தார். கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளக்கினார்.

"சார், ஒரு போட்டி என்பது மணி அடித்ததும் முடிகிற விஷயமில்லை. அதன் முடிவு, அந்த முடிவைப் பற்றிய பேச்சு, போட்டியால் உண்டான வீக்கம், தையல், ரத்தக்கட்டு, இவை எல்லாமே போட்டியின் தொடர்ச்சி. மதுரையிலிருந்து குமுளி எல்லை வரை இவற்றைக் காட்டும் உரிமை முப்பது நாளைக்கு எங்களுடையது. உங்கள் மகள் அந்த முகத்தோடு தெருவில் நடந்தால் அது இலவச ஒளிபரப்பு. நாங்கள் அதை அனுமதித்தால் சந்தா கட்டிய லட்சக்கணக்கான ரசிகர்களை ஏமாற்றியதாக ஆகும். ரசிகர்கள்தான் எங்களுக்குத் தெய்வம்."

"சந்தா கட்டுனவன்தான் நானும்" என்றார் ஜெபராஜ்.

"உங்கள் கணக்கு முடக்கத்தில் இருக்கிறது சார். முதன்மைப் பார்வையாளர் சம்மதம் வரவில்லை."

"அவுக செத்துப் பதினொரு வருசமாச்சு தம்பி."

"அதை அவர் பதிவு செய்யவில்லையே" என்றார் சசிதரன், உண்மையான வருத்தத்தோடு.

செவ்வாய்க்கிழமை ஷீலா வந்தாள். நெற்றியிலிருந்து தாடை வரை கறுப்புத் துணி. மூக்குக்கும் வாய்க்கும் இடம் விட்டிருந்தார்கள். வலது கண்ணுக்கு ஒரு பொத்தான் அளவு சல்லடை. துணியில் நிறுவனத்தின் சின்னம். சட்டைக் காலரில் ஒரு ஒலிவாங்கி. போட்டியைப் பற்றியோ உடம்பைப் பற்றியோ ஒரு வார்த்தை பேசினாலும், குனிந்து எழுதினாலும், ஒப்பந்தப்படி பரிசுப் பணம் போவதோடு அறுபது லட்சம் அபராதம். சுகிர்தம் வாசலிலேயே மகளைக் கட்டிக்கொண்டு, துணியின் மேலேயே முத்தம் கொடுத்தார். சசிதரன் குறிப்பேட்டை எடுத்துத் தேடிப் பார்த்தார். முத்தத்துக்கு விதி எதுவும் இல்லாததால் விட்டுவிட்டார்.

"அந்தத் துணிய ஒரே ஒரு நிமிசம் வெலக்குங்க. பெத்தவ நான், பாத்துக்கிறேன்" என்றார் சுகிர்தம்.

"தாராளமாக அம்மா. இல்லப் பார்வைத் திட்டம் அறுநூற்று நாற்பத்தொன்பது. செயலியில் கட்டினால் நானே விலக்குவேன்."

கட்டப் போனால் கணக்கு முடக்கம். புதுக் கணக்கு தொடங்கினால், இந்த வீட்டுக்கு ஏற்கெனவே முதன்மைப் பார்வையாளர் இருக்கிறார், அவரது சம்மதம் தேவை என்றது. ஜெபராஜ் ரொக்கத்தை எடுத்து நீட்டினார். ஆயிரமாக நீட்டினார், இரண்டாயிரமாக நீட்டினார். சசிதரன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ரொக்கம் வாங்கும் வசதி எங்களிடம் இல்லை சார். கட்டணம் மட்டும்தான் இருக்கிறது."

"நீங்களாச்சும் பாத்தீகளா, அந்தக் கண்ணு எப்படி இருக்குன்னு?"

"நானா? எனக்கு ஏது சார் சந்தா? ஊழியர்களுக்குச் சலுகை கிடையாது."

ஆக, அந்த வீட்டில் காவல் இருந்தவனுக்கும் தான் எதைக் காக்கிறோம் என்று தெரியாது.

அன்று முழுதும் ஜெபராஜ் மகளையே கவனித்தார். தண்ணீர்ச் செம்பை எடுக்கக் கையை நீட்டியபோது, விரல் செம்புக்கு இடப்புறமாகக் காற்றைப் பிடித்தது. நிலைப்படியில் இடது தோள் இடித்தது. இரண்டு முறை இடித்ததும் அவர் எழுந்து, தோளில் கிடந்த துண்டை உதறி எடுத்துக்கொண்டு, மகளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

எங்கள் பக்கத்து மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. பக்கத்தில் நிற்பவன் கேட்டுவிட்டால் பேரம் கெடும். வாங்குபவனும் விற்பவனும் கையைக் கோத்து மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். உள்ளே எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அத்தனை. மேலே முகம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும், கீழே கைகள் மல்லுக்கட்டும். புண்ணாக்குக் கடையில் வளர்ந்த பெண்ணுக்கு அது எழுத்துக்கு முந்திய பாடம்.

"என்ன சார் அது?" என்றார் சசிதரன்.

"வெல பேசுறோம் தம்பி. ஒரு சோடி மாடு வந்திருக்கு. மாட்டுக்கும் உங்ககிட்ட உரிமை இருக்கா?"

சசிதரன் குறிப்பேட்டைப் புரட்டினார். மாட்டுக்கு உரிமை இல்லை.

ஜெபராஜ் கையைத் துண்டுக்குள் விட்டார். மகளின் விரல்கள் சில்லென்று இருந்தன.

"வலத்தை மாடு நல்ல மாடு. அது பத்து போகும்னு வச்சுக்குவோம். இடத்தை மாடு என்ன போகும்? ஞாயித்துக்கிழமை நெலவரத்தச் சொல்லு."

அவள் அவருடைய மூன்று விரல்களைப் பிடித்தாள்.

"இன்னிக்கு?"

மூன்றில் இரண்டை விட்டுவிட்டாள். மிச்சமிருந்த ஒற்றை விரலை அழுத்திப் பிடித்து, அதையும் பாதியில் மடக்கினாள்.

ஜெபராஜின் முகத்தில் சந்தைச் சிரிப்பு அப்படியே இருந்தது. "ரொம்ப எறங்கிருச்சே ஆத்தா" என்றார். "வைத்தியம் பாக்கலையா மாட்டுக்கு? அங்கன இருந்த டாக்டர் என்ன சொன்னாக, எத்தன நாளுக்குள்ள பாக்கணுமாம்?"

அவள் அவருடைய ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தாள். பிறகு, நாள்களில் ஏற்கெனவே போய்விட்டதைக் கழிப்பதுபோல், ஒவ்வொன்றாக விட்டாள். இரண்டு மிஞ்சியது. அந்த இரண்டையும் விடவே இல்லை.

ஜெபராஜ் மதுரையில் ஒரு பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். எடுத்தவர் ஷீலாவின் பெயரைக் கேட்டதும் தணிந்த குரலில் பேசினார். தேனி, மதுரை வட்டாரத்தில் உள்ள எல்லாக் கண் மருத்துவர்களுக்கும் காலையிலேயே நோட்டீஸ் வந்துவிட்டதாம். ஆஸ்பத்திரி என்பது வணிக வளாகம். அங்கே அந்தக் கண்ணைப் பார்க்க இல்லத் திட்டம் செல்லாது, வணிக உரிமம் வேண்டும். படுக்கைக்கு இவ்வளவு என்று கணக்கு. நானூறு படுக்கை ஆஸ்பத்திரி. "நாங்க கண்ண மூடிக்கிட்டு எப்படிங்க ஆப்ரேசன் பண்ணுறது" என்றார் அவர். கேலி பேசுகிற குரலாக இல்லை.

சண்முகராஜுக்குத்தான் அந்த யோசனை வந்தது.

"அண்ணாச்சி, அவன் உரிமை குமுளி எல்லையோட முடியுதுல்ல? மேல ஏறிட்டா அங்கன கேரளா. அங்கன ஒரு டாக்டரப் பாத்துட்டு வந்துருவோம்."

புதன்கிழமை காலை வண்டி எடுத்தார்கள். சசிதரனும் பின்னால் தன் வண்டியில் வந்தார், தடுக்கவில்லை. கம்பம் தாண்டி மலை ஏறி, எல்லைச் சாவடி போய்ச் சேர்ந்தபோது அங்கே இன்னொருவர் நின்றுகொண்டிருந்தார். அவர் கையில் வெள்ளைத் துணி. மேற்குமலை என்ற இன்னொரு நிறுவனத்தின் உரிமைப் பாதுகாப்பு அலுவலர்.

"சேட்டா, ஒரு மினிட்டு" என்றார் அவர். "இவிடெ உரிமை எங்களோடது. அதுவும் அறுபது நாளு."

இரண்டு அலுவலர்களும் கை குலுக்கிக்கொண்டார்கள். ஷீலா எல்லைக் கோட்டில் நின்றதால் யார் துணி போடுவது என்பதில் சட்டச் சிக்கல் வந்தது. நெடுநேரம் பேசி, நல்லெண்ண அடிப்படையில், கறுப்புத் துணியின் மேல் வெள்ளைத் துணியையும் கட்டினார்கள். சல்லடையும் மூடிப்போனது. சுற்றுலா வந்தவர்கள் படம் எடுக்க முயன்றபோது இரு அலுவலர்களும் சேர்ந்தே ஓடிப் போய்த் தடுத்தார்கள். இறங்கி வரும் வழியில் ஷீலா ஒவ்வொரு வளைவிலும் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டாள். வளைவு வருவது அவளுக்குத் தெரியவில்லை. மலையடிவார லோயர்கேம்பில் வெள்ளைத் துணியை சசிதரனே அவிழ்த்து மடித்து வைத்துக்கொண்டார், எதிர் நிறுவனத்தின் சொத்து என்று.

அன்று சாயங்காலம் துண்டுக்குள் மிஞ்சியது ஒரு விரல். ஒரே நாள்.

வியாழக்கிழமை விடிந்ததும் ஜெபராஜ் சசிதரனைக் கடைக்கு அழைத்துப்போய், கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, டீ சொன்னார். பருத்திவிதை மூட்டைகளுக்கு நடுவில் ஷீலா முகம் மூடி உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி, எனக்கு ஒண்ணே ஒண்ணு வெளங்கல. இந்தக் கண்ணு யாருது?"

சசிதரன் நிமிர்ந்தார். இந்தக் கேள்விக்குத்தான் அவர் பயிற்சி எடுத்திருந்தார்.

"இயற்கையாக உங்கள் மகளுடையது என்று ஒரு பாமரப் புரிதல் இருக்கும் சார். ஆனால் முழங்கை பட்ட அந்த நொடியிலிருந்து முப்பது நாள் முடியும் வரை, அந்த இடது கண்ணும், அதன் நிறமும், அதன் நிலையும், நிலையில் ஏற்படும் ஒவ்வொரு மாற்றமும் வாகைக்களத்தின் பிரத்யேகச் சொத்து. உங்கள் மகள் அதைச் சுமந்துகொண்டிருக்கிறார், அவ்வளவுதான்."

"சுமக்குறவளுக்குப் பாத்தியதை கெடையாது."

"துளியும் கிடையாது."

"நான் நாளைக்கு வேற மாதிரி பேசிறக் கூடாதுல்ல. எழுதிக் குடுத்துருங்களேன்."

சசிதரன் மகிழ்ச்சியோடு நிறுவனத் தாளில் எழுதி, முத்திரை வைத்து, படம் எடுத்துத் தலைமையகத்துக்கும் அனுப்பினார். அந்தத் தாளை அவருடைய மேலதிகாரிகள் பாராட்டியதாகவும் சொன்னார். ஜெபராஜ் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு டீயைக் குடித்து முடித்துவிட்டுப் பேசினார்.

"இந்தக் குடோன்ல இருக்குற மூட்டையில பாதி எனக்குச் சொந்தம் இல்ல. கமிசனுக்கு எறக்கிவச்சிருக்காக. மழ பேஞ்சு ஒழுகுச்சுன்னா, நான் அன்னிக்கே சரக்குக்காரவுகளுக்குச் சொல்லிரணும்: உங்க மூட்டை நனையுது, வந்து எடுத்துக்கிறீகளா, இல்ல நான் காய வைக்கட்டுமான்னு. சொல்லாம விட்டா நட்டம் எனக்கு. சொல்லியும் அவுக பேசாம இருந்தா நட்டம் அவுகளுக்கு. கடைவீதி நியாயம் இம்புட்டுத்தான்."

"நல்ல நியாயம் சார்" என்றார் சசிதரன்.

"உங்க கண்ணு கெட்டுக்கிட்டு இருக்கு தம்பி."

சசிதரன் டம்ளரைக் கீழே வைத்தார்.

"என் மக ஒண்ணும் சொல்லல. அவ வாயே தெறக்கல, மைக்கக் கேட்டுக்கங்க. கண்ணு அவளதுன்னா அவ பாடு, எம் பாடு. உங்களதுன்னு நீங்க எழுதிக் குடுத்துட்டீக. இன்னிக்குப் பொழுது சாயுறதுக்குள்ள வைத்தியம் பாக்கலைன்னா உங்க சொத்து அழிஞ்சிரும். நான் சரக்கு வச்சிருக்குறவன், முறைப்படி சொல்லிட்டேன். இந்தக் கடைவீதியில பதினேழு வியாபாரி வாசல்ல நின்னு கேட்டுட்டு இருக்காக. நாளைக்கு ஒரு பொண்ணோட கண்ண உங்க கம்பெனி தன்னோடதுன்னு சொல்லிக்கிட்டு தானே அழிய விட்டுச்சுன்னு கேசு வந்தா, இந்தத் தாளக் காட்டுறது தவிர எனக்கு வேற வழி இல்ல."

வாசலில் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம் என்பது உண்மைதான். ஒருவர் இருமினார்.

சசிதரன் மும்பைத் தலைமையகத்துக்குப் போன் போட்டார். முதலில் நின்றுகொண்டு பேசினார், பிறகு மூட்டை மேல் உட்கார்ந்து பேசினார், கடைசியில் பேச்சில் சின்னமனூர் வந்துவிட்டது. "சார், அவுக சரியாத்தான் சார் பேசுறாக. நான்தான் சார் எழுதிக் குடுத்தேன். நீங்கதான சார் சூப்பர்னு சொன்னீக."

மும்பை அரைமணி நேரத்தில் பதில் அனுப்பியது. சசிதரன் அதைத் தமிழில் வாசித்தார்.

"'குறிப்பிட்ட இடது கண்ணுடன் வாகைக்களத்துக்கு எக்காலத்திலும் எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. அந்தக் கண் எந்தப் போட்டியிலும் காயப்படவில்லை. அத்தகைய போட்டி எதுவும் நடைபெறவில்லை. ஜெபஷீலா என்ற பெயரில் எங்கள் பதிவுகளில் வீராங்கனை யாரும் இல்லை.'"

சண்முகராஜ் தன் செல்லைத் தட்டிப் பார்த்தார். பாங்காக் நிகழ்ச்சியில் எட்டுச் சண்டை இருந்தது, இப்போது ஏழு இருந்தது. ஷீலாவின் படம் இல்லை, எதிராளியின் படமும் இல்லை. மான்சூன் கேஜ் பட்டியலில் அவள் எடை, உயரம், ஊர் இருந்த இடத்தில் அடுத்த பெண்ணின் பெயர் மேலே ஏறி உட்கார்ந்திருந்தது. காயத்துக்கான காப்பீட்டு எண்ணுக்குப் போன் செய்தால், அப்படி ஒரு எண் வழங்கப்படவில்லை என்றது. பரிசுப் பணத்தைப் பற்றிக் கேட்க ஆளே இல்லை.

"அப்போ துணி?" என்றார் ஜெபராஜ்.

சசிதரன் எழுந்து போய் முடிச்சை அவிழ்த்தார். முகம் வெளிப்படும்போது தன் முகத்தைத் திருப்பிக்கொண்டார், பழக்கம். காலரிலிருந்த ஒலிவாங்கியையும் கழற்றித் துணியோடு சேர்த்து மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, வாசல்வரை போய்த் திரும்பி வந்தார்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதீக. யாரு ஜெயிச்சது?"

"சந்தா இருக்கா தம்பி?" என்றார் ஜெபராஜ்.

காரில் மதுரைக்குப் போகும்போது சுகிர்தம் பின் இருக்கையில் மகளின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். இடது கண் ஊதா நிறத்தில் வீங்கி, ஒரு கீறல் அளவு மட்டும் திறந்திருந்தது. அந்தக் கீறலுக்குள் வெள்ளையே இல்லை, எல்லாம் சிவப்பு. ஆண்டிபட்டிக் கணவாயில் காற்று அடித்தபோது அது நீர் கோத்தது. அவர் தன் சேலைத் தலைப்பை நனைத்து, தொடாமல் தொட்டுத் துடைத்தார். நோட்டீஸ் ரத்தானதாக ஆஸ்பத்திரிக்கும் செய்தி போயிருந்தது. உடனே வரச் சொல்லிவிட்டார்கள்.

முன் இருக்கையிலிருந்த ஜெபராஜ் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். ஐந்து நாளாகப் பதில் கிடைக்காத கேள்வி.

"ஜெயிச்சியா ஆத்தா?"

"ஜெயிச்சேன்பா. அடி வாங்குனதுக்கு அப்புறம் கழுத்துப்பிடி போட்டேன். நீங்க எப்பவும் சொல்லுவீகள்ல, வலையில சாஞ்சு எடுக்குற பிடி. அவ தோத்தேன்னு தரையத் தட்டிட்டா." கொஞ்ச நேரம் வெளியே பார்த்தாள்; வலப்பக்கச் சன்னலை மட்டும். "ஆனா நடக்கலைன்னு சொல்லிட்டாகளே."

ஜெபராஜ் பார்க்காத சுற்று அது. இனிமேல் யாரும் பார்க்க முடியாத சுற்றும் அதுதான்.

அன்று மாலையே அறுவை சிகிச்சை முடிந்தது. விழித்திரையை முடிந்த அளவு ஒட்டிவைத்திருப்பதாக மருத்துவர் சொன்னார். இரண்டு நாள் முன்னால் வந்திருக்கலாமே என்றும் சொன்னார். சில வாரம் கழித்துக் கட்டெல்லாம் பிரித்து, ஷீலாவை முக்காலியில் உட்காரவைத்து, வலது கண்ணைப் பொத்திக்கொள்ளச் சொன்னார்கள். சுவரில் எழுத்துப் பலகை. மேலே பெரிய எழுத்து, கீழே போகப்போகச் சின்ன எழுத்து.

அவள் மேலிருந்து வாசித்தாள். ஜெபராஜ் சுவரோரம் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.

பலகையில் இருந்தது ஏழு வரி. வாசித்தது மூன்று. பாக்கி நான்கு.